லாட்டு பங்களாவில் மாப்பிள்ளை வீடு பார்த்தது

விருத்தாசலத்தில் செராமிக் தொழில் செய்யும் ஒருவருக்குப் புதுக் கோப்பையில் காபி கொடுத்தால், அவர் காபியை மறந்துவிட்டுக் கோப்பையைப் பார்ப்பார். முதலில் விரல் நகத்தால் விளிம்பில் ஒரு சுண்டு. ‘ணிங்’ என்று ஓசை இழுத்துக்கொண்டு போனால் நன்றாக வெந்த பீங்கான். ‘டொக்’ என்று நின்றுவிட்டால் எங்கோ விரிசல். அடுத்து, கவிழ்த்து அடியைப் பார்ப்பார். கோப்பை முழுவதும் கண்ணாடி போலப் பளபளப்புப் பூச்சு இருந்தாலும், அடி வளையத்தில் மட்டும் அதைத் துடைத்துவிடுவார்கள். துடைக்காவிட்டால் சூளைச் சூட்டில் பூச்சு உருகி, கோப்பை தான் நிற்கும் பலகையோடு ஒட்டிக்கொள்ளும். ஆகவே உள்ளே இருக்கும் மண்ணின் உண்மையான முகம் தெரிவது அடியில்தான். அந்த அடியை அவர் நாக்கு நுனியில் வைத்துப் பார்ப்பார். சரியாக வேகாத மண்ணில் கண்ணுக்குத் தெரியாத துளைகள் இருக்கும். அவை எச்சிலை உறிஞ்சுவதால் நாக்கு ஒட்டிக்கொள்ளும். நன்றாக வெந்திருந்தால் வழுக்கிக்கொண்டு போகும்.

இவ்வளவும் தொழில் முறை. இதில் எந்தத் தப்பும் இல்லை. பெண்ணுக்கு மாப்பிள்ளை பார்க்கப் போன வீட்டில், கோப்பையில் காபி பாதி இருக்கும்போதே செய்தால்தான் தப்பு.

ஆனந்தராஜ் அப்படித்தான் செய்தார். விருத்தாசலம் செராமிக் தொழிற்பேட்டையில் ஃபியூஸ் கட்டை செய்யும் சின்ன யூனிட் அவருடையது. போன மாசியில் திட்டக்குடிப் பக்கம் ஒரு வீட்டுக்குப் போனபோது, அவருடைய கை அவரைக் கேட்காமலே கோப்பையைக் கவிழ்த்துவிட்டது. காபி மாப்பிள்ளையின் அப்பா மடியில் கொட்டியது. அதையாவது பொறுத்திருப்பார்கள். கோப்பையின் அடியை நக்கிவிட்டு, “இது கழிச்சுப் போட்ட செகண்ட்ஸ் சரக்குங்க” என்று அவர் சொன்னதை அந்த வீட்டு அம்மாவால் பொறுக்க முடியவில்லை. பேச்சு அன்றே முறிந்தது.

மகள் கயல்விழிக்கு அதில் துளியும் வருத்தமில்லை. அவள் மனதில் வேறொருவன் இருந்தான். பாரி என்று பெயர். சிதம்பரத்தில் அவளோடு படித்தவன், இப்போது சென்னையில் வேலை. சேத்தியாத்தோப்புக் குடும்பம், சொந்தத்துக்குள் வரக்கூடிய வகையறாதான். இந்தப் பேச்சு இப்போதுதான் பெரியவர்கள் கைக்கு வந்திருந்தது.

“அப்பா, அந்த வூட்டுல நீங்க காப்பியக் கவுத்தப்ப எனக்குச் சந்தோசம்தான்” என்றாள் கயல்விழி. “இந்த வூட்டுல கவுத்தீங்கன்னா ஆயுசுக்கும் உங்களோட பேச மாட்டேன்.”

“கையக் கட்டிக்கிறேம்மா.”

“நாக்கையும்.”

ஆனந்தராஜ் இரண்டையும் கட்டிக்கொள்வதாகச் சத்தியம் செய்தார். இந்த முறை முடித்துவிட்டுத்தான் திரும்புவேன் என்றும் சொன்னார். ஆனால் முடிப்பது அவர் கையில் இல்லை. அவருடைய அக்கா வீரம்மாள் கையில் இருந்தது. சரியாகச் சொன்னால், அந்தக் கை நனைவதில் இருந்தது. அவர்கள் குடும்பத்தில் பெண் கொடுப்பதென்றால், மூத்தவள் போய் மாப்பிள்ளை வீட்டைச் சுற்றிப் பார்த்து, பிடித்திருந்தால் அங்கே ஒரு வாய் சாப்பிட வேண்டும். அதற்குக் கை நனைப்பது என்று பெயர். நனைத்தால் சம்மதம். சாப்பிடாமல் எழுந்துவிட்டால் பேச்சு முடிந்தது. காரணம் கேட்கக் கூடாது.

பெண்ணாடத்தில் கரும்பு வைத்திருக்கும் வீரம்மாள், பல வீடுகளிலிருந்து பட்டினியாக எழுந்து வந்தவர். ஒரு வீட்டில் மாடிப்படி செங்குத்து. ஒரு வீட்டில் வாசலில் கட்டியிருந்த எருமை அவரை முறைத்தது. இன்னொரு வீட்டில், மாப்பிள்ளையின் அம்மா ஒரு சிரிப்புக் கதையை முழுசாகக் கேட்பதற்கு முன்பே சிரித்துவிட்டாள். “காதுல வாங்காமயே சிரிக்கிறா. இவகிட்ட நம்ம பொண்ணு எதச் சொல்லி அழுவா?” என்று கேட்டார் வீரம்மாள்.

பாரியின் வீடு இருந்த இடம்தான் விசேஷம். அவனுடைய அப்பா பழமலைநாதன், சென்னையில் லாட்டு பங்களாவில் எலக்ட்ரிக்கல் சூப்பர்வைசர். வெள்ளைக்காரன் காலத்தில் பெரிய துரை ஒருவர் குடியிருக்கக் கட்டிய மாளிகை அது. இன்றைக்கும் அரசாங்கத்தின் பெரிய விருந்தெல்லாம் அங்கேதான். மாதத்தில் ஒரு சனிக்கிழமை பொதுமக்கள் பாஸ் வாங்கிக்கொண்டு உள்ளே போய்ப் பார்க்கலாம். பழமலைநாதன் குடும்பம் அதே காம்பவுண்டுக்குள், பின்பக்கம் ஊழியர் குவார்ட்டர்ஸில் இருந்தது. குவார்ட்டர்ஸுக்கு விருந்தாளி வருவதென்றால் தனியாக அனுமதி கேட்டு, போலீஸ் விசாரித்து, அதற்குள் முகூர்த்த மாதமே போய்விடும். ஆகவே பழமலைநாதன் போனில் ஒரு குறுக்கு வழி சொன்னார்: “சுத்திப் பாக்குற பாஸ்ல வந்துடுங்க. பங்களாவப் பாத்து முடிச்சிட்டு அப்படியே பின்பக்கமா நம்ம வூட்டுக்கு வந்துடலாம். கேட்டுல மட்டும் நம்ம வூட்டப் பத்தி வாய் தொறக்காதீங்க.”

மங்கலம்பேட்டையில் எலக்ட்ரிக் கடை வைத்திருக்கும் அப்துல் மாலிக் காரை ஓட்ட ஒப்புக்கொண்டார். துபாயில் பத்து வருஷம் வண்டி ஓட்டிய மனிதர். ஆனந்தராஜின் கட்டைகளை வாங்கி விற்பவர். கிளம்பும் நேரத்தில் வீரம்மாள் காரை விட்டு இறங்கிவிட்டார்.

“நல்ல காரியத்துக்கு மூணு பேராவா போறது?”

மூன்று பேராகப் போக நேர்ந்தால் ஒரு கல்லை எடுத்துக்கொண்டு போவது வழக்கம். கல் நாலாவது ஆள். ஆனால் செராமிக் பேட்டையில் சட்டென்று கல் எங்கே கிடைக்கும்? யூனிட் ஓரத்தில் கிடந்த பழைய பீங்கான் இன்சுலேட்டர் ஒன்றைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டார் வீரம்மாள்.

சென்னையில் லாட்டு பங்களா வாசலில் அந்த நாலாவது ஆள் எக்ஸ்ரே மெஷினுக்குள் போனது. மெஷின் கத்தியது. பாதுகாப்புக்கு நின்ற இன்ஸ்பெக்டர் அம்மா அதை எடுத்து உருட்டிப் பார்த்தார்.

“என்னம்மா இது?”

“நாலாவது ஆளுங்க” என்றார் வீரம்மாள்.

ஆனந்தராஜ் அவசரமாகப் பாஸை நீட்டினார். ஆனால் இன்ஸ்பெக்டர் அம்மா சிரித்துவிட்டார். “எங்களுக்குப் பண்ருட்டிப் பக்கம். எங்க வூட்லயும் கல்லு எடுத்துக்குவாங்க. என்னா நல்ல காரியம்?”

“தம்பி பொண்ணுக்கு மாப்ள வூடு பாக்கப் போறோம்.”

“முடிவாயிடுச்சா?”

“நான் கை நனைச்சாத்தான் முடிவு” என்றார் வீரம்மாள், மார்பை நிமிர்த்தி.

“சரி, போற வழியில பங்களாவயும் ஒரு எட்டு பாத்துட்டுப் போறீங்க. போங்க, போங்க.” நாலாவது ஆளை லாக்கரில் போன்களோடு வைத்துப் பூட்டச் சொன்னார்.

உள்ளே தமிழினி என்ற வழிகாட்டிப் பெண் மைக்கோடு கூட்டத்தை அழைத்துப் போனாள். பளிங்குத் தரை, ஆளுயரக் கண்ணாடிகள், தேக்குத் தூண்கள். எல்லாரும் அண்ணாந்து பார்த்தார்கள். வீரம்மாள் மட்டும் சுவரைத் தட்டி, ஈரம் இருக்கிறதா என்று முகர்ந்து பார்த்தார்.

“அக்கா, இது அவங்க வூடு இல்ல” என்றார் ஆனந்தராஜ் மெல்ல. “அவங்க வூடு பின்னாடி.”

“காம்பவுண்டு ஒண்ணுதான? தண்ணி ஒண்ணுதான? பையன் பொறந்து வளந்ததும் இதுக்குள்ளதான? நான் முழுசாப் பாப்பேன்.”

வரவேற்பு மண்டபத்தின் கூரையிலிருந்து ஒரு பெரிய துணிச் சட்டம் தொங்கியது. பங்கா என்றாள் தமிழினி. மின்விசிறி வருவதற்கு முன்னால் இதுதான் காற்று. சட்டத்தில் கட்டிய கயிறு ஒரு கப்பியின் மேல் ஏறி, சுவரில் உள்ள ஓட்டை வழியாக வெளியே போகும். வெளியே உட்கார்ந்திருக்கும் ஆள் கயிற்றை இழுத்து இழுத்து விட, உள்ளே துணி முன்னும் பின்னும் ஆடும். துரைகள் பேசும் ரகசியம் காதில் விழக் கூடாது என்பதற்காக அவனை வெளியே உட்கார வைத்தார்கள்.

“ஏம்மா, வெளிய ஒக்காந்து இழுத்தவனுக்கு யாரு வீசுனாங்க?” என்று கேட்டார் வீரம்மாள்.

தமிழினி தன் தாள்களைப் புரட்டிப் பார்த்தாள். அதில் அது இல்லை.

அடுத்து சமையல்கூடம். அது மாளிகையோடு சேராமல், தனியாகத் தள்ளி இருந்தது. அடுப்புத் தீ மாளிகையைப் பிடித்துவிடக் கூடாது, மீன் வாசம் துரையம்மாவின் மூக்குக்கு எட்டக் கூடாது என்று அப்படிக் கட்டியிருந்தார்கள்.

“சோறு வந்து சேர்றதுக்குள்ள ஆறிடுமே. இந்தத் தூரத்த நம்ம பொண்ணு தெனம் நடக்க முடியுமா?”

“அக்கா, நம்ம பொண்ணு இங்க சமைக்கப் போறதில்ல” என்றார் மாலிக்.

“நீ சும்மா இரு தம்பி. மாமியாக்காரி இங்கேருந்து நெருப்பு எடுத்துட்டு வான்னா என்னா பண்ணுவா?”

சோறு ஆறாமல் இருக்க ஒரு வழி வைத்திருந்தார்கள். இரண்டு அடுக்குப் பீங்கான் தட்டு; இடையில் காலி இடம்; ஓரத்தில் ஒரு சின்ன வாய். அதன் வழியாகக் கொதிநீரை ஊற்றி மூடிவிட்டால் மேல்தட்டு சூடாகவே இருக்கும். அப்படி ஒரு தட்டு சிவப்புக் கயிற்றுக்குப் பின்னால் மேசைமேல் இருந்தது. ஆனந்தராஜ் அதைப் பார்த்தார். முதுகுக்குப் பின்னால் கட்டியிருந்த கைகளில் வலது கை தானாக அவிழ்ந்தது. இரண்டு அடுக்கையும் தனித்தனியாக வார்த்து ஒட்டினார்களா, ஒரே அச்சா? அடியைப் பார்த்தால் தெரிந்துவிடும். ஒரு நொடி போதும்.

மாலிக் அந்தக் கையைப் பிடித்துத் திரும்ப முதுகுக்கே அனுப்பினார். “அண்ணே, பொண்ண நெனச்சுக்குங்க.”

“நெனச்சுகிட்டுதான் பாய் இருக்கேன்.”

“ரொம்ப நெனைங்க.”

இப்படியே பூச்சாடி, கை கழுவும் பேசின், நீலப்பூப் போட்ட தேநீர்க் கோப்பைகள் எல்லாவற்றையும் ஆனந்தராஜ் பல்லைக் கடித்துக்கொண்டு கடந்து வந்தார். கடைசியில் சாப்பாட்டு மண்டபம். பழைய பட்டுத் திரைகளும் கம்பளமும் வெயில் பட்டால் வெளுத்துவிடும் என்று சன்னல்களைக் கனத்த துணியால் மூடியிருந்தார்கள். பகலிலும் உள்ளே சரவிளக்கு வெளிச்சம்தான். கூட்டம் மேசையைச் சுற்றி நின்றது. ஆனந்தராஜ் பாதுகாப்பாக, பீங்கான் எதுவும் இல்லாத நடைவழி ஓரமாக ஒதுங்கினார்.

அங்கே சுவரில் ஒரு தேக்குப் பலகை. கண்ணாடிக் கதவு. உள்ளே வரிசையாக வெள்ளை ஃபியூஸ் கட்டைகள். பக்கத்தில் பித்தளைத் தகடு: ‘மாளிகையின் முதல் மின்பலகை’. கண்ணாடிக் கதவு திறந்து கிடந்தது.

ஃபியூஸ் கட்டை செய்யும் விதம் இது. சற்றே ஈரமும் எண்ணெயும் கலந்த மண்பொடியை எஃகு அச்சில் கொட்டி, பிரஸ்ஸின் சக்கரத்தை ஒரு வீசு வீசினால் கட்டை உருவாகி வரும். காயவைத்து, பளபளப்புப் பூசி, சூளையில் வேகவைக்க வேண்டும். அச்சு எப்படியோ கட்டையும் அப்படியே. ஆனந்தராஜின் அச்சில் பல வருஷங்களுக்கு முன்னால் ஒரு ஸ்பேனர் விழுந்து, மூலையில் சின்னப் பள்ளம் ஆகிவிட்டது. அன்றிலிருந்து அவருடைய கட்டை ஒவ்வொன்றின் மூலையிலும் அரிசி முனையளவு ஒரு மேடு உண்டு.

பலகையில் மூன்றாவது கட்டையின் மூலையில் அரிசி முனையளவு ஒரு மேடு இருந்தது.

அவர் மூக்கு பலகையில் முட்டும்வரை நெருங்கினார். துரை குடியிருந்த மாளிகையில், தன்னுடைய சரக்கு! ஆனாலும் உறுதி வேண்டாமா? கட்டையின் உள்பக்கம் ‘ஆ.ரா’ என்று எழுத்து இருக்கும். கழற்றினால்தான் தெரியும். கழற்றலாமா? இந்த மாளிகையில் அவர் பார்த்த கட்டிலில் யாரும் படுப்பதில்லை. கடிகாரம் ஓடவில்லை. டெலிபோனுக்கு ஒயரே இல்லை. பங்காவை இழுக்க ஆள் இல்லை. எல்லாம் காட்சிக்கு. அப்படியிருக்க, பித்தளைத் தகடு அடித்த மின்பலகை மட்டும் உயிரோடு இருக்குமா?

அது மட்டும்தான் உயிரோடு இருந்தது.

கட்டை கையோடு வந்த அதே நொடியில் சரவிளக்கு அணைந்தது. ஏசி ஒரு பெருமூச்சோடு நின்றது. தமிழினியின் குரல், “இந்த மேசையில்தான் மகாராஜாக்கள்...” என்பதோடு அறுந்தது. மண்டபம் கும்மிருட்டானது. யாரோ யாரையோ மிதித்தார்கள்.

வேறு ஊர்க்காரராக இருந்தால் கட்டையை உடனே திரும்பச் செருகியிருப்பார். ஃபியூஸ் என்பது அவ்வளவுதான்: கட்டைக்குள் ஒரு மெல்லிய கம்பி இரண்டு முனைகளுக்கும் பாலமாக இருக்கிறது, கட்டையைப் பிடுங்கினால் பாலம் இல்லை, மின்சாரம் இல்லை, செருகினால் பாலம், வெளிச்சம். ஆனால் ஆனந்தராஜின் விரல்கள் ஏற்கனவே கட்டையைக் கவிழ்த்துவிட்டன. இருட்டில் கட்டைவிரல் எழுத்தைத் தடவியது. ஆ. ரா. அடுத்தது பழக்க தோஷம். பூச்சு இல்லாத உள்பக்கம் நாக்குக்குப் போனது. வழுக்கியது.

“வெந்திருக்குது!” என்றார் மனம் நிறைந்து.

அப்போதுதான் எமர்ஜென்சி விளக்கு எரிந்தது. அது அவர் தலைக்கு நேர் மேலே இருந்தது. கூட்டம் முழுவதும் திரும்பிப் பார்க்க, அவர் நாக்கு நீட்டியபடி, ஃபியூஸ் கட்டையும் கையுமாக நின்றார்.

“ஐயோ, கரண்ட்ட நக்குறாருங்க!” என்று ஒரு பெண் அலறினாள்.

“டேய் ஆனந்து!” என்று மண்டபத்தின் மறுகோடியிலிருந்து வீரம்மாளின் குரல் வந்தது.

பின்பக்கக் கதவு திறந்தது. பட்டுக்கரை வேட்டி, மடிப்புக் கலையாத சட்டை, நெற்றியில் சந்தனம், கையில் டெஸ்டர் என்று ஒருவர் ஓடிவந்தார். பலகையைப் பார்த்தார். ஆளைப் பார்த்தார்.

“எந்த ஊரு மடையன்யா நீ?”

“விருத்தாசலங்க.”

வந்தவரின் வாய் திறந்தபடி நின்றது. “செராமிக் பேட்டையா?”

“ஆமாங்க.”

“ஆனந்தராஜா?”

“நீங்க... பழமலைநாதனுங்களா?”

“வணக்கங்க.”

“வணக்கங்க.” ஒருவர் டெஸ்டரோடும் ஒருவர் கட்டையோடும் கும்பிட்டுக்கொண்டார்கள்.

“கழட்டிப் பாக்க வேற எடமே கெடைக்கலீங்களா?” என்றார் பழமலைநாதன், பல்லிடுக்கில்.

“பழசுன்னு தகடு அடிச்சிருந்துச்சு.”

“பலகதான் பழசு. கட்டையெல்லாம் நான் மாத்தினது. இந்த மண்டபமே இதுலதான் ஓடுது.”

“கதவு தொறந்து கெடந்துச்சுங்களே.”

பழமலைநாதன் முகம் மாறியது. “அது... காலைல செக் பண்ணிட்டு, நீங்க வரீங்கன்னு அவசரத்துல பூட்டாம வந்துட்டேன்.” கட்டையை வாங்கி, மெயினை இறக்கிவிட்டு, செருகி, மறுபடி ஏற்றினார். சரவிளக்கு எரிந்தது. கூட்டம் கைதட்டியது. கைதட்டலுக்கு நடுவே பூட்ஸ் சத்தம் கேட்டது.

இன்ஸ்பெக்டர் அம்மாவின் முகத்தில் வாசலில் இருந்த சிரிப்பு இல்லை. “யாரு கைய வச்சது? நடங்க, ஸ்டேஷனுக்கு.”

ஆனந்தராஜ் கைகளை முதுகுக்குப் பின்னால் மறைத்தார். அவர் வாயைத் திறப்பதற்குள் பழமலைநாதன் முன்னால் வந்துவிட்டார்.

“மேடம், நான்தான் கழட்டிப் பாக்கச் சொன்னேன். இவரு ஃபியூஸ் கட்டை கம்பெனிக்காரர். எங்க சம்பந்தி.”

வீரம்மாளின் புருவம் நெற்றி உச்சிக்குப் போனது. தட்டு மாற்றவில்லை, ஒரு வாய் சாப்பிடவில்லை, அதற்குள் சபையில் சம்பந்தி!

இன்ஸ்பெக்டர் அம்மா அவரைப் பார்த்துத் திரும்பினார். “ஏம்மா, காலைல முடிவாவலன்னு சொன்னீங்களே?”

வீரம்மாள் தம்பியைப் பார்த்தார். தம்பி கண்ணாலேயே கெஞ்சினார். “அதுக்கப்புறம் ஆயிடுச்சுங்க.”

“எப்ப?”

“இப்பதான். இருட்டுல.”

“இவரு?” விரல் மாலிக் பக்கம் நீண்டது.

“பொண்ணோட சித்தப்பாங்க” என்றார் மாலிக்.

“பேரு?”

“அப்துல் மாலிக்.”

இன்ஸ்பெக்டர் அம்மா அவரை மேலும் கீழும் பார்த்தார். “அவ தவழும்போதுலேருந்து தூக்கி வளத்தது மேடம்” என்றார் மாலிக். “கேட்டுப் பாருங்க, அவளும் சித்தப்பான்னுதான் சொல்லுவா.”

“எல்லாம் சரி. கை நனைச்சாச்சா?” என்றார் இன்ஸ்பெக்டர் அம்மா. வீரம்மாள் வலது கையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டார். “எங்க பக்கமும் அதாம்மா வழக்கம். கை நனைச்சிருந்தா சூப்பர்வைசரோட சம்பந்தி வந்து சாமானப் பாத்தாருன்னு எழுதிட்டுப் போறேன். நனைக்கலன்னா யாரோ வெளியாளு அரசாங்க பங்களாவுல ஃபியூஸப் புடுங்கியிருக்காரு. எதுன்னு என் கண்ணால பாத்துடறேன். வாங்க குவார்ட்டர்ஸுக்கு.”

எல்லாரும் வரிசையாகப் பின்பக்கம் நடந்தார்கள். வீரம்மாள் ஆனந்தராஜின் காதருகே வந்தார். “வாயால சொன்னது கணக்குல இல்ல, தெரிஞ்சுக்க. எனக்குப் புடிக்கலன்னா எழுந்துடுவேன்.”

“அக்கா, ஸ்டேஷனு...”

“ஸ்டேஷனுக்குப் போனா ரெண்டு நாள்ல வந்துடலாம். கட்டிக் கொடுத்துட்டா?”

ஆனந்தராஜ் ஒதுங்கி அக்காவை முன்னே விட்டார்.

குவார்ட்டர்ஸ் இரண்டே அறை. ஒரு சன்னல். அதைத் திறந்தால் தண்ணீர்த் தொட்டியின் சுவர். பாரியின் அம்மா ஆண்டாள், போலீஸைப் பார்த்ததும் கையில் இருந்த கரண்டியைக் கீழே போட்டாள். பாரி தண்ணீர்ச் சொம்போடு நின்றான். வீட்டில் கண்ணுக்கு எட்டிய இடத்தில் ஒரு பீங்கான் சாமான் கூட இல்லை. தட்டு, டம்ளர், சர்க்கரை டப்பா எல்லாம் எவர்சில்வர். கயல்விழி போனில் சொல்லிவைத்திருப்பாள்.

வீரம்மாள் அவசரப்படவில்லை. குழாயைத் திறந்து தண்ணீரைக் கையில் பிடித்துப் பார்த்தார். அடுப்படிக்குப் போய் வந்தார். சன்னலைத் திறந்தார், தொட்டிச் சுவரைப் பார்த்தார், மூடினார். பிறகு பாயில் உட்கார்ந்தார். ஆண்டாள் கேசரியும் வடையும் வைத்தாள். இன்ஸ்பெக்டர் அம்மா கதவோரம் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

“சாப்பிடுங்கம்மா.”

“ஆறட்டும்.”

“கேசரி ஆறினா நெய் கட்டிக்கும்.”

ஆனந்தராஜ் அக்காவின் வலது கையையே பார்த்தார். அது மடியில் கிடந்தது. பாயை ஊன்றினால் எழுந்துவிடுவார். தட்டுக்குப் போனால் பிழைத்தோம். அந்த நேரத்தில் ஸ்டேஷன் அவர் நினைவிலேயே இல்லை. ஊருக்குப் போய்க் கயல்விழியின் முகத்தில் எப்படி விழிப்பது என்பதுதான் ஓடிக்கொண்டிருந்தது. அவள் பேசாமல் இருப்பாள் என்பதுகூட இல்லை; ஒன்றும் நடக்காதது போலப் பேசுவாள், அதுதான் தாங்காது.

“அக்கா” என்றார். அவர் காதருகே குனிந்தார். “அக்கா, அவளுக்கு இந்தப் பையன்னா உசுரு.”

வீரம்மாள் அவர் பக்கம் சாய்ந்து, இன்ஸ்பெக்டர் அம்மாவுக்குக் கேட்காதபடி பேசினார். “வூடு சின்னது. சன்னலு ஒண்ணுதான், அதுலயும் செவுருதான் தெரியுது. அந்தப் பொம்பள போலீஸப் பாத்ததும் கரண்டியப் போட்டுடுச்சு, அது பயந்த சாதி. ஆனா அந்த மனுசன் பாரு. நீ பண்ணின வேலைக்கு, முன்னப் பின்ன பாக்காத ஆளு, யோசிக்கவே இல்ல, பட்டுன்னு ஒரு பொய்யச் சொன்னாரு பாரு. சர்க்காரு வேலை போயிடுமேன்னுகூடப் பாக்கல. நாளைக்கு நம்ம பொண்ணு ஒரு பருப்பத் தீய வுட்டாலும் அந்த மனுசன் ‘நான்தான் அடுப்பத் தூண்டினேன்’னுவாரு.”

வலது கை மடியிலிருந்து எழுந்தது. அறையில் இருந்த எல்லாருடைய கண்ணும் அதோடு போயிற்று. கை காற்றில் ஒரு கணம் நின்று, தட்டில் இறங்கி, கேசரியைப் பிட்டு, வாய்க்குப் போனது.

பாரி சொம்பைக் கீழே வைத்துவிட்டுச் சுவரைப் பிடித்துக்கொண்டான். மாலிக், “அல்லாவே” என்று நெஞ்சைத் தடவிக்கொண்டார்.

“நெய் கம்மி” என்றார் வீரம்மாள்.

“அடுத்த தடவ சேத்துப் போடறேங்க அண்ணி” என்றாள் ஆண்டாள், கண்ணைத் துடைத்துக்கொண்டு.

“சரி” என்றார் இன்ஸ்பெக்டர் அம்மா. முகம் இன்னும் இளகவில்லை. “கடைசியா ஒண்ணு. கல்யாணம் எப்ப?”

“தைல” என்றார் ஆனந்தராஜ்.

“ஆவணில” என்றார் பழமலைநாதன்.

இரண்டும் ஒரே நேரத்தில் வந்தன. இன்ஸ்பெக்டர் அம்மா கட்டிய கையை மெல்ல அவிழ்த்தார். சம்பந்திகள் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். வீரம்மாள் வடையை எடுத்து ஒரு கடி கடித்து, மென்று, விழுங்கினார்.

“பாத்தீங்களாம்மா லட்சணத்த? இந்த ரெண்டு பேரயும் நம்பி ஒரு நாளு வைக்க முடியுமா? அதுக்குத்தான் நான் அவ்ளோ தூரத்துலேருந்து வந்திருக்கேன். நின்னுகிட்டே இருந்தா எப்புடி, உக்காருங்க. ஆண்டாளு, இவங்களுக்கும் ஒரு தட்டு வையி.”

இன்ஸ்பெக்டர் அம்மா தொப்பியைக் கழற்றி அலமாரிமேல் வைத்தார். பாயின் ஓரத்தில் உட்கார்ந்து தட்டை அருகே இழுத்துக்கொண்டார்.

“ஆவணி வேணாம்மா” என்றார். “பிள்ளையார் சதுர்த்தி பந்தோபஸ்து வந்துடும், எனக்கு லீவு கெடைக்காது. தையே வைங்க.”